பயணம் விற்ற வாணிகம்

1841-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5-ஆம் நாள், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோ என்னும் ஊருக்கு ஒரு ரயில் புறப்பட்டது. மதுவிலக்குக் கூட்டத்துக்குச் செல்வோர் ஏறக்குறைய ஐந்நூறு பேர் அதில் இருந்தனர். கட்டணம் ஆளுக்கு ஒரு ஷில்லிங். ஏற்பாடு செய்தவர் தாமஸ் குக் என்னும் மரவேலைக்காரர்.

பலரை ஒன்றுசேர்த்தால் கட்டணம் குறையும் என்பதை அவர் கண்டார். நாளடைவில் ரயில், கப்பல், விடுதி அனைத்துக்கும் அவருடைய நிறுவனத்திலேயே சீட்டுப் பெறலாம் என்றாயிற்று. முன்பின் அறியாத நாட்டுக்குச் செல்பவன் முன்பணம் கொடுத்து வாங்கியது சீட்டை மட்டுமன்று, நம்பிக்கையையும் வாங்கினான்.

அந்நிறுவனம் 178 ஆண்டுகள் நிலைத்தது. பின்னர்க் கடன் பெருகிற்று. மக்களோ வீட்டிலிருந்தபடியே இணையத்தில் சீட்டுப் பதியலாயினர். 2019 செப்டம்பர் 23-இல் அது வீழ்ந்தது. அயல்நாடுகளில் நின்ற பிரிட்டிஷ் பயணிகள் ஏறத்தாழ 1,50,000 பேரை அந்நாட்டு அரசே விமானங்கள் அமர்த்தி அழைத்து வந்தது. மறு ஆண்டில் கொரோனா நோய் பரவவே, உலகில் நாடுவிட்டு நாடு செல்வோர் தொகை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிற்று.

நோய் தணிந்தபின் பயணிகள் திரும்பினர். குக்கின் பெயரோ அதற்கு முன்னரே இணையத்தில் மீண்டும் தோன்றியிருந்தது. ஆயினும் இடைநின்று ஏற்பாடு செய்வோருக்கு இனி இடம் உண்டா? சீட்டு எடுத்துத் தர அவர் வேண்டியதில்லை. ஆனால் தூரதேசத்தில் திகைத்து நிற்பவனைப் பத்திரமாக வீடு சேர்க்க ஒருவர் வேண்டும். அப்பொறுப்பை ஏற்கும் வாணிகமே பிழைக்கும்.