தோட்டத்துப் புல்லும் "மருந்தும்"



கோலாலம்பூர்ப் பேரங்காடிகளில் "ஆர்கானிக்" என்று சீட்டு ஒட்டிய கீரை விற்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும்! ரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இல்லாமல், எருவும் மட்கிய இலைதழையும் போட்டு மண்ணை வளர்த்து, அந்த மண்ணைக் கொண்டு பயிரை வளர்ப்பதுதான் அது. ஏதோ புதுச் சரக்கு என்று எண்ணிவிடாதீர்கள். லயத்து வீட்டுக் கொல்லையில் மாட்டுச் சாணியை மட்க வைத்துக் கத்தரியும் வெண்டையும் போட்டார்களே நம் பாட்டிமார்கள், அது வேறென்ன? ஆனால் அதே பாட்டி காலையில் பெரட்டுக்குப் போய் நின்றால் கிடைத்த வேலையே வேறு. அந்த வரலாற்றைத்தான் சொல்ல வருகிறேன்.

1900களின் தொடக்கத்தில் சிலாங்கூரில் ரப்பர் பெருகியபோது, மரத்தடியில் ஒரு புல்கூட நிற்கக் கூடாது என்பது துரைமார்களின் கட்டளை. நம்மவர்கள் மண்வெட்டியால் கொத்திக் கொத்தித் தரையை மொட்டையாக்கினார்கள். பார்க்கச் சுத்தம்தான். ஆனால் நம் நாட்டு மழை சும்மா விடுமா? மேல்மண் ஓடையோடு போயிற்று. சிறுதோட்டக்காரர்களின் ரப்பர் மரங்களோ, புல்லும் புதருமாகக் கிடந்த நிலத்திலும் நன்றாகவே பால் கொடுத்தன. பெரிய தோட்டங்களுக்குப் புத்தி வர நாளாயிற்று. 1920, 30களில் புவரேரியா, கலப்பகோனியம் போன்ற பயறு வகைக் கொடிகளை மரங்களுக்கு நடுவே படரவிட்டார்கள். அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்கும். காசில்லாத உரம்! செம்பனை இளங்கன்று நட்ட இடங்களில் இன்றும் அக்கொடியைப் பார்க்கலாம்.

மண்வெட்டிக்குப் பதிலாக அடுத்து வந்தது நஞ்சு. முதலில் சோடியம் ஆர்சனைட், அதாவது பாஷாணம். அது பட்ட புல்லை மேய்ந்த மாடு பிழைக்காது. 1960களில் பாராகுவாட் வந்தது. கிராமக்ஸோன் என்றால் தோட்டத்தில் தெரியாதவர் யார்? "மருந்தடிக்கப் போறேன்" என்றுதான் இன்றும் சொல்கிறோம். நஞ்சுக்கு மருந்து என்று பேர் வைத்த புண்ணியவான் யாரோ! பம்பை முதுகில் சுமந்து அதைத் தெளித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். நகம் நிறம் மாறியது, கண் எரிந்தது, மூக்கில் ரத்தம் வந்தது. வாய்வழி உள்ளே போனால் முறிவு மருந்தே கிடையாது.

1991-ல் தெனாகானித்தா அமைப்பைத் தொடங்கிய ஐரின் பெர்னாண்டஸ் அவர்களை இங்கே நினைக்க வேண்டும். தோட்டப் பெண்களிடமே நேரில் கேட்டு எழுதிய ஆய்வறிக்கையை அவ்வமைப்பு 2002-ல் வெளியிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006-ல் தடை தளர்ந்தது. மறுபடியும் முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதி. அந்த நாளைப் பார்க்க அம்மையார் இல்லை, 2014-லேயே காலமாகிவிட்டார்.

ஆர்கானிக் என்றால் சாப்பிடுகிறவருக்கு நல்லது என்றே எல்லாரும் பேசுகிறார்கள். பயிர் செய்கிறவருக்கல்லவா முதல் நன்மை? விளைச்சல் சில வேளை குறையும், வேலை கூடும், உண்மைதான். ஆனால் தெளிக்காத நஞ்சு கையிலும் படாது, காய்கறியிலும் தங்காது. எரு போட்ட மண் ஈரத்தையும் பிடித்து வைக்கும். பாராகுவாட் போனாலும் வேறு புல்கொல்லிகள் வந்துவிட்டன. ஆகையால் பம்பைத் தூக்குமுன் கையுறையும் முகமூடியும் கேட்டு வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள்.

நம் வட்டாரத்திலேயே முன்னோடி உண்டு. குர்மிட் சிங் தொடங்கிய செட்டெம் அமைப்பு 1986-ல் சுங்கை பூலோவில் இயற்கைப் பண்ணை போட்டது. பெரிய தோட்டங்களும் ஒன்றைக் கற்றுக்கொண்டன. இலைத் துணுக்குகளால் பை பின்னி அதற்குள் ஒளிந்துகொள்ளும் பைப்புழுவைக் கொல்ல, செம்பனையில் டிடிடி போன்றவற்றைத் தெளித்தார்கள். புழு குறையவில்லை, பெருகியது! அப்புழுவை அழிக்கும் சின்னக் குளவிகள் முதலில் செத்ததே காரணம் என்று 1960களில் ஆய்வாளர் பிரையன் வூட் எடுத்துக்காட்டினார்.

செம்பனைத் தோட்டத்துப் பாதையோரம் காலையில் மலர்ந்து உச்சிவேளையில் வாடும் பூச்செடிகளை மாணவர்கள் பார்த்திருப்பீர்கள். டர்னேரா என்று பெயர். அழகுக்காக நட்டதல்ல, அந்தக் குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்று நட்டது.