கறிவேப்பிலைக்குள் ஒரு டாக்டர்: செடி பார்க்கக் கூட்டமாய்ப் போனவர்களின் கதை

1/ இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்த்திக்கடன் செலுத்த வந்து ஆத்தங்கரையில சமைக்கிற எந்தக் குடும்பத்தை வேணும்னாலும் பாருங்க. எண்ணெய் காஞ்சதும் கடுகு, அடுத்து ஒரு கொத்து கறிவேப்பிலை. அந்தக் கறிவேப்பிலையோட அறிவியல் பெயருக்குள்ள ஒரு டாக்டர் இருக்கார். ஐப்பசி மழைக்கு முன்னாடி அவர் கதையைச் சொல்லிடணும். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா வாங்க.

2/ 1771ல் ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு வைத்த பெயர் 'பெர்கெரா கோனிகி'. பிறகு அது 'முர்ராயா கோனிகி' ஆனது. முன்பாதி மாறினாலும் 'கோனிகி' மாறவே இல்லை. அது யொஹான் கெர்ஹார்ட் கோனிக் என்பவரின் பெயர். 1728ல் இன்றைய லாட்வியா நாட்டில் பிறந்தவர், லின்னேயஸிடம் படித்தவர். 1768ல் டேனிஷ்காரர்கள் கையில் இருந்த நம்ம தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து சேர்ந்தார்.

3/ டாக்டருக்கு செடியில என்ன வேலைன்னு கேப்பீங்க. அந்தக் காலத்துல மருந்துன்னா பெரும்பாலும் செடிதான். தாவரவியல் மருத்துவப் படிப்பின் ஒரு பகுதி. லின்னேயஸே ஒரு மருத்துவர். ஐரோப்பாவுல இருந்து மருந்துப் பெட்டி கப்பல்ல வர மாதக்கணக்காகும். அதனால, வந்த ஊர்ல என்ன முளைக்குது, எது மருந்து, எது விஷம்னு தெரிஞ்சுக்கிறது ஒரு மருத்துவரோட அன்றாடத் தேவை.

4/ கோனிக் தனியா அலையல. தன்னைச் சுத்தி ஒரு கூட்டத்தைச் சேர்த்தார். தரங்கம்பாடி மிஷனின் மருத்துவர் க்ளைன், பாதிரியார்கள் ரோட்லர், ஜான், பிறகு ஹைன். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக மெட்ராஸ் வந்த வில்லியம் ராக்ஸ்பர்கும் இந்த வட்டத்தில் உண்டு. பின்னாளில் கல்கத்தா தாவரவியல் பூங்காவைக் கவனித்த அதே ராக்ஸ்பர்க்தான். இவங்க தங்களுக்கு வெச்சுக்கிட்ட பெயர் 'ஐக்கிய சகோதரர்கள்'.

5/ இவங்க வேலை செஞ்ச விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒவ்வொருத்தரும் சேகரித்த செடியை மத்தவங்களோட பகிர்ந்துக்குவாங்க. புதுச்செடின்னா கலந்து பேசிப் பெயர் வைப்பாங்க. அந்தப் பெயருக்குப் பின்னாடி தனி ஆளோட பெயரைப் போடாம 'நோபிஸ்' என்று லத்தீனில் எழுதுவாங்க. 'எங்களால்' என்று பொருள். "நான்தான் முதல்ல கண்டுபிடிச்சேன்" என்ற சண்டைக்கே அதில் இடமில்லை.

6/ கோனிக் 1785ல் காக்கிநாடா பக்கம் இறந்தார். கூட்டம் கலைந்துவிடவில்லை. ரோட்லர் 1799-1800ல் தரங்கம்பாடியிலிருந்து மெட்ராஸுக்குப் போய்த் திரும்பிய பயணத்தில், வழியில் பார்த்த செடிகளைக் குறித்துக்கொண்டே போனார். அந்தக் குறிப்புகள் 1803ல் ஜெர்மனியில் அச்சாயின. இதே ரோட்லர்தான் பிற்காலத்தில் ஒரு பெரிய தமிழ்-ஆங்கில அகராதியையும் தொகுத்தார். செடிக்குப் பெயர் தேடியவரும் சொல்லுக்குப் பொருள் தேடியவரும் ஒரே ஆள்!

7/ ஆனா ஒரு குறையைச் சொல்லாம போக முடியாது. அந்த 'எங்களால்'ல யார் யார் இருந்தாங்க? சகோதரர்கள்னு நமக்குத் தெரியவரும் பெயர்கள் எல்லாம் ஐரோப்பியர் பெயர்கள். எந்தச் செடி எந்த வரப்புல முளைக்கும், ஆடு எதைத் தின்னா வயிறு ஊதும்னு தலைமுறை தலைமுறையா தெரிஞ்சு வெச்சிருந்த நம்ம ஆட்களோட பெயர் அதுல ஒன்றுகூட இல்லை.

8/ இன்னொரு விடுபடல், காளான். செடியைக் காகிதத்துக்கு நடுவுல வெச்சு அழுத்திக் காயவெச்சா வருஷக்கணக்கா இருக்கும். சதைப்பற்றான காளான் ஒரே நாள்ல கூழாகிடும். நிறம், மணம், தண்டில் வளையம் இருக்கா, அடியில் பை மாதிரி இருக்கா என்பதை எல்லாம் முளைச்ச இடத்துலயே பாத்தாகணும். அதாவது, காளானைப் படிக்க ஆள்தான் காளானைத் தேடிப் போகணும்.

9/ அதைச் செய்து காட்டினதும் ஒரு டாக்டர்தான். இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு ஊரில் மருத்துவம் பார்த்த ஹென்றி கிரேவ்ஸ் புல். அந்த வட்டாரத்தில் 1851ல் தொடங்கிய வூல்ஹோப் இயற்கை ஆர்வலர் சங்கத்தை 1868ல் காளான் தேடும் நடைக்கு அழைத்துப் போனார். பகலெல்லாம் தேடல், பிறகு சேர்ந்து உட்கார்ந்து காளான் விருந்து. அது வருஷா வருஷம் நடக்க, நாட்டின் பெரிய காளான் அறிஞர்கள் எல்லாம் வந்து சேர்ந்தாங்க. இப்படிப்பட்ட உள்ளூர் நடைகளிலிருந்துதான் 1896ல் பிரிட்டிஷ் காளானியல் சங்கமே பிறந்தது.

10/ "சரி டாக்டர், இது எல்லாம் எங்களுக்கு எதுக்கு?" விஷயத்துக்கு வரேன். மழைக்காலத்துல வாந்தி, வயித்துப்போக்குன்னு ஒருத்தர் கேஷுவல்டிக்கு வர்றார். "என்ன சாப்பிட்டீங்க?" "ஏதோ காளான்." "எப்படி இருந்துச்சு?" "வெள்ளையா, குடை மாதிரி." இந்த பதிலை வெச்சு எந்த டாக்டராலும் ஒரு முடிவுக்கும் வர முடியாது. புற்றுல முளைக்கிற நல்ல காளானும் வெள்ளைக் குடை, புல்தரையில முளைக்கிற விஷக் காளானும் வெள்ளைக் குடை.

11/ நாங்க பாக்குறது கடிகாரத்தை. சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்துல வாந்தி வந்தா பெரும்பாலும் வயித்தோட போயிடும். ஆறு மணி நேரம் கழிச்சு ஆரம்பிச்சா பயப்படணும். சில காளான் விஷத்துல வாந்தி நின்னு ஆள் தேறின மாதிரி தெரியும். அதுக்கப்புறம் கல்லீரல் செயலிழக்கும். ரெண்டும் கலந்து சாப்பிட்டிருந்தா இந்தக் கடிகாரமும் ஏமாத்தும். அதனால சீக்கிரமோ லேட்டோ, ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. மஞ்சள் போட்டுப் பாக்குறது, வெள்ளிக்காசு போட்டுப் பாக்குறது எதையும் நம்பாதீங்க. மிச்சக் காளான் இருந்தா பிளாஸ்டிக் கவர்ல இல்லாம காகிதத்துல சுத்திக் கொண்டு வாங்க.

12/ செடியிலயும் இதே கதைதான். நம்ம மாநில மலர் செங்காந்தள். நம்ம பக்கம் கண்வலிக்கிழங்கு, ஈழத்துல கார்த்திகைப் பூ. அதுல இருக்கிற கோல்சிசின் மூட்டுவாத மருந்தா பயன்படுது. அதே பொருள்தான் விஷமும். கிழங்கை வேற ஏதோ கிழங்குன்னு நினைச்சுச் சாப்பிட்டா சில மணி நேரத்துல வாந்தி பேதி, பார்க்க சாதாரண ஃபுட் பாய்சன் மாதிரி. ரெண்டு மூணு நாள்ல ரத்த அணுக்கள் சரியும். "அது கண்வலிக்கிழங்குதான்" என்று அடையாளம் சொல்ல ஒரு ஆள் கூட இருந்தா, முதல் நாளே நாங்க உஷாராகிடுவோம்.

13/ அந்த ஒரு ஆள் எங்க இருந்து வருவார்? இதை மொபைல் ஆப்பை நம்பி விட முடியாது. நடந்து நடந்து, பாத்துப் பாத்துப் பழகின கண் வேணும். நம்ம பக்கத்துல தீபாவளி முடிஞ்சதும் பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும். அதே சமயம் கரிசல் மண்ணு நனைஞ்சு, வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேருற இடத்துல இருந்து அணைக்கரை வரைக்கும் தும்பை, குப்பைமேனி, கீழாநெல்லின்னு பச்சை பிடிக்கும். புற்று ஓரமா காளான் தலை நீட்டும். இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

14/ ஒன்பது பேர் போதும். ஒரு பள்ளிக்கூட சயின்ஸ் வாத்தியார், நாலு பசங்க, ஒரு நர்ஸ், ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர், கீரை பறிக்கிற ரெண்டு அக்கா. காலைல ரெண்டு மணி நேரம் நடங்க. போட்டோ எடுங்க, தேதி, இடம், ஊர்ல சொல்ற பெயர் எழுதுங்க. அறிவியல் பெயரைப் பக்கத்துக் காலேஜ் தாவரவியல் துறைல கேட்டுக்கலாம். ரெண்டே விதி: எதையும் வாயில வைக்கக் கூடாது, எதையும் வேரோட பிடுங்கக் கூடாது. புல் டாக்டரோட விருந்தை மட்டும் நாம காப்பியடிக்க வேணாம்!

15/ கோனிக்கின் கூட்டம் 'எங்களால்' என்று எழுதியப்போ அதுல ஊர்க்காரங்க இல்ல. இருக்கன்குடி நோட்டுப் புத்தகத்துல முதல் பெயரா அந்த ஆடு மேய்க்கிற பெரியவர் பெயரை எழுதுங்க. கடைசிப் பக்கத்துல இடம் இருந்தா இந்த டியூட்டி டாக்டரையும் சேத்துக்கோங்க. அந்த நோட்டு எங்க கேஷுவல்டி மேஜைல ஒரு காப்பி இருந்தா, ஒரு மழை ராத்திரில அது ஒரு உயிரைக் காப்பாத்தும்.

உங்க ஊர்ல மழைக்கு முளைக்கிற செடி, காளான் பெயரை எல்லாம் கீழே எழுதுங்க. படிக்கக் காத்திருக்கேன்.