உருளை முதலில், கொழுந்து பிறகு: லெம்பா பெர்த்தாம் வட்டாரத்தில் ஓர் உணவுத்தொழில் வளாகத்தின் தோற்றம்

மலாயாத் தேயிலையின் வரலாற்றை எழுதியவர்கள் பலரும் தோட்டத்தை வேளாண்மைக் கணக்கில் வைத்தார்கள். காடு அழிந்தது, செடி வளர்ந்தது, கடைசியில் கொழுந்தைப் பதப்படுத்த ஆலை எழுந்தது என்பது அவர்கள் கண்ட வரிசை. மலாயா மலைநாட்டின் பெர்த்தாம் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இது பொருந்தவில்லை. அங்கே உருவானது தொடக்கம் முதலே ஓர் உணவுத்தொழில் வளாகம், அதாவது பயிரும் பதப்படுத்தும் ஆலையும் ஒன்றாகத் திட்டமிடப்பட்ட அமைப்பு, என்று கருதுகிறேன்.

சான்று புதியதன்று. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலைத் தொழில் பழகிய ஏ.பி. மில்னுடன் சேர்ந்து ஹாபு என்ற ஊரை ஒட்டி ‘போ’ என்ற தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். ஒரே ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், தொழிலாளர்கள். இவற்றைக் கொண்டே காட்டுச் சரிவு தோட்டமானது என்பது அந்தத் தோட்ட நிறுவனம் சொல்லிவரும் தொடக்கக் கதை. இதை முதலாளியின் புகழுரை என்று ஒதுக்குவது ஆய்வாளர் வழக்கம். புகழுரைதான். உருளைக்குக் கிடைத்த இடம்கூட அந்தத் தொழிலாளர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் உருளை அங்கே எதற்கு வந்தது என்று கேட்டாக வேண்டும்.

நீராவி உருளை மரத்தை வீழ்த்தாது, வேரைப் பிடுங்காது, செங்குத்துச் சரிவில் ஏறவும் ஏறாது. அவையெல்லாம் கோடரியும் நெருப்பும் மண்வெட்டியும் பிடித்த கைகளின் வேலை. உருளையின் வேலை பாதையை இறுக்குவது. நாற்றும் அரிசியும் கொண்டுபோகக் கழுதைத் தடமே போதும். நட்ட செடியில் ஒழுங்காகக் கொழுந்தெடுக்கவோ மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அப்படியிருக்க, அவ்வளவு கனத்தை முன்கூட்டியே மலையேற்றக் காரணம் பறித்த கொழுந்தின் இயல்பில்தான் இருக்கிறது. கூடையில் அழுந்திக் கிடந்தால் அது சூடேறிச் சிவந்துவிடும். அன்றன்றே வாட்டுத் தட்டில் பரப்பியாக வேண்டும். ஒரு கிலோ தேயிலைக்கு நான்கைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அத்தனை எடையும் பறித்த சில மணி நேரத்தில் ஆலை வாசலுக்கு வர வேண்டும். உருட்டும் எந்திரமும் உலர்த்தியும் அதற்கு முன்பே மேலே போயிருக்க வேண்டும். ஆலையின் நேரக்கணக்குதான் பாதையை வகுத்தது. தேயிலைச் சரிவுகளும் தொழிலாளர் குடியிருப்பான லயமும் அந்தப் பாதையை அனுசரித்தே அமைந்தன.

ஒரு கதையின் ஒரு சொற்றொடர் இவ்வளவு பாரம் தாங்குமா என்பது நியாயமான தயக்கம். இதைத் தனிச் சான்றாக அன்றி, கொழுந்தின் இயல்போடு சேர்த்தே படிக்கிறேன். 1931இல் திறக்கப்பட்ட, தாப்பாவிலிருந்து மலையேறும் சாலைக்காக அந்த உருளை வந்திருக்கலாம் என்பார்கள். ஆனால் பொதுச்சாலை தேயிலைச் சரிவிலிருந்து ஆலைக்குக் கொழுந்தைக் கொண்டுவராது. ரப்பர்த் தோட்டத்திலும் ஆலை இருந்ததே என்ற மறுப்பும் நிற்காது: உலர்த்திய ரப்பர்த் தகடு வாரக்கணக்கில் காத்திருக்கும்.

இந்த வாசிப்பு பதப்படுத்தும் கூடங்களுக்கான இன்றைய திட்டங்களையும் தொடுகிறது. அதே பள்ளத்தாக்கின் காய்கறி விவசாயிகள் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தின்கீழ் நெடுங்காலம் பயிரிட்டார்கள். அடுத்த ஆண்டு கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் குளிர்பதனக் கிடங்கோ பதப்படுத்தும் கூடமோ எவரும் கட்டமாட்டார். எனவே முட்டைக்கோசும் தக்காளியும் பச்சையாகவே லாரியேறிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகின்றன. பெருநிறுவனம் இருந்தால்தான் வளாகம் அமையும் என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டியதில்லை. நீலகிரியில் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலை ஆலைகள் 1965 முதல் இன்கோசர்வ் என்ற கூட்டமைப்பின்கீழ் இயங்குகின்றன. கொழுந்து தருபவரே ஆலையின் உறுப்பினர்.

பெர்த்தாமுக்கு அந்த அமைப்பு பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் நிலவுரிமைக்கு அடுத்து ஆற்றைப் பார்க்க வேண்டும். மேட்டுச் சரிவுகளின் மண் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் படிந்துகொண்டே இருக்கிறது. 2013 அக்டோபரில் அதைத் தேக்கும் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டபோது லெம்பா பெர்த்தாம் கிராமத்தில் உயிர்கள் போயின. புதிய கூடங்களின் கழிவுநீரும் அவற்றுக்காக வெட்டப்படும் மண்ணும் எங்கே போகும் என்பதற்கு, முதல் கல் நடுவதற்கு முன்பே அந்தக் கிராமத்தாரிடம் விடை சொல்ல வேண்டும்.