ஹெர்மன் நில ஆமைக் குஞ்சு: முதல் ஆண்டுப் பராமரிப்பு

ஹெர்மன் நில ஆமை (அறிவியல் பெயர்: டெஸ்டுடோ ஹெர்மன்னி) தென் ஐரோப்பாவில் மத்தியதரைக் கடலை ஒட்டிய நாடுகளில் இயற்கையாக வாழும் ஒரு தாவர உண்ணியாகும், ஐரோப்பிய வீடுகளிலும் தோட்டங்களிலும் மிகுதியாக வளர்க்கப்படும் நில ஆமை இனங்களுள் இதுவும் ஒன்று. ஸ்ட்ராஸ்பூர் நகரில் வாழ்ந்த இயற்கையியல் அறிஞர் யோஹான் ஹெர்மனின் பெயரைத் தழுவி, 1789இல் ஜெர்மானிய அறிஞர் க்மெலின் இவ்வினத்திற்கு அறிவியல் பெயர் சூட்டினார். முட்டையிலிருந்து வெளிவரும்போது 3 முதல் 4 சென்டிமீட்டர் நீளமும் பெரும்பாலும் 10 முதல் 15 கிராம் எடையும் கொண்டிருக்கும் குஞ்சு, முறையாக வளர்க்கப்பட்டால் 50 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. அந்த நீண்ட வாழ்நாளின் உடல்நலத்திற்கு அடித்தளமாவது முதல் ஆண்டே. ஓடும் எலும்பும் உருப்பெறும் அந்தக் காலத்தில் நேரும் குறைபாடுகள் ஓட்டின் வடிவில் நிலைத்துவிடுகின்றன. பின்னாளில் எவ்வளவு நல்ல உணவு கொடுத்தாலும் அவை முற்றிலும் மறைவதில்லை.

இனமும் இயற்கை வாழிடமும்

இவ்வினத்தில் இரண்டு துணையினங்கள் பரவலாக ஏற்கப்பட்டுள்ளன. மேற்குத் துணையினம் ஸ்பெயின், தென் பிரான்சு, இத்தாலி ஆகிய நாடுகளிலும் கோர்சிகா, சார்டினியா முதலிய தீவுகளிலும் வாழ்கிறது. உருவில் சற்றுப் பெரிய கிழக்குத் துணையினம் பால்கன் நாடுகளில் பரவியுள்ளது. கோடை வெப்பமும் வறட்சியும் மிகுந்த நிலப்பகுதிகள் இவை என்பதால், இந்த ஆமைக்கு உலர்ந்த சூழலே உகந்தது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. வளர்ந்த ஆமைகளுக்கு இது ஓரளவு பொருந்துமே தவிர, குஞ்சுகளுக்குப் பொருந்தாது. பொரிப்பு பெரும்பாலும் கோடையின் இறுதியிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் நிகழ்கிறது. மழை பெய்து மண் இளகிய பின்னரே குஞ்சுகள் பல நேரங்களில் கூட்டுக்குழியை விட்டு மேலே வருகின்றன. காகம், எலி, நரி, காட்டுப்பன்றி ஆகியவற்றுக்கு எளிதில் இரையாகக்கூடியவை என்பதால், குஞ்சுகள் வெட்டவெளியைத் தவிர்த்துப் புதர்களின் அடியிலும் புல்வேர்களுக்கு இடையிலும் மண்ணில் புதைந்தும் தம் பொழுதின் பெரும்பகுதியைக் கழிக்கின்றன. மேற்பரப்பு காய்ந்து கிடக்கும் நாள்களிலும் அத்தகைய மறைவிடங்களில் ஈரம் தங்கியிருக்கும். எனவே குஞ்சு வளர்ப்பில் பின்பற்றத் தக்கது அந்த நாடுகளின் பொதுவான தட்பவெப்பநிலையன்று. குஞ்சு ஒளிந்து வாழும் புதரடியின் நுண்சூழலே ஆகும்.

பொரிப்பும் முதல் நாள்களும்

பல ஆமை இனங்களைப் போலவே இதிலும் குஞ்சின் பாலினத்தை அடைகாப்பு வெப்பநிலையே முடிவு செய்கிறது. ஏறத்தாழ 31.5 டிகிரி செல்சியஸை எல்லையாகக் கொண்டு, அதற்குக் குறைவான வெப்பத்தில் ஆண் குஞ்சுகளும் மிகுதியான வெப்பத்தில் பெண் குஞ்சுகளும் பெரும்பான்மையாக உருவாகின்றன. வளர்ச்சி முடிந்ததும் குஞ்சு தன் மூக்கு நுனியில் உள்ள முட்டைப்பல் என்னும் கூரிய கொம்புப் புடைப்பால் முட்டையோட்டை உடைக்கிறது; இப்புடைப்பு பின்னர் தானாகவே உதிர்ந்துவிடும். முதல் விரிசல் தோன்றியதிலிருந்து குஞ்சு முழுமையாக வெளிவருவதற்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். அந்த இடைவேளையில் குஞ்சு முட்டைக்குள்ளேயே இருந்து, எஞ்சிய மஞ்சள் கருவைக் கொண்டிருக்கும் கருவுணவுப் பையை வயிற்றுக்குள் ஈர்த்துக்கொள்கிறது. இரக்கத்தாலோ பொறுமையின்மையாலோ ஓட்டை உரித்துக் குஞ்சை வெளியே எடுப்பது அந்தப் பையைக் கிழித்து உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும் என்பதால், இந்தக் கட்டத்தில் தலையிடாமல் இருப்பதே சிறந்த பராமரிப்பாகும்.

பை முழுவதும் உள்ளே செல்லாத நிலையில் குஞ்சு வெளிவந்துவிட்டால், ஈரமாக்கிய காகிதத் துவாலை விரித்த தூய சிறு பெட்டியில் அதனை இட்டு, அடைகாப்பானின் வெதுவெதுப்பிலேயே பை மறையும் வரை வைத்திருக்க வேண்டும். முட்டைக்குள் மடிந்து கிடந்ததால் அடியோட்டில் குறுக்கே காணப்படும் மடிப்பு சில நாள்களில் நிமிர்ந்துவிடும். நடுவிலுள்ள தொப்புள் வடுவும் மூடிக்கொள்ளும். உள்ளிழுத்த மஞ்சள் கரு உணவாகப் பயன்படுவதால், முதல் சில நாள்கள் குஞ்சு எதையும் தின்னாமல் இருப்பது கவலைக்குரியதன்று. ஆனால் தண்ணீர் முதல் நாள்களிலிருந்தே தேவைப்படுகிறது.

வளர்ப்பிடம்

குஞ்சுகளை வளர்க்க இரண்டு வகை அமைப்புகள் வழக்கில் உள்ளன. மேற்புறம் திறந்த அகலமான மரப்பெட்டி ‘ஆமை மேசை’ எனப்படுகிறது. மூடியுள்ள பெட்டி ‘மூடிய அறை’ எனப்படுகிறது. முன்னதில் காற்றோட்டம் மிகுதி, ஆனால் விளக்கின் வெப்பத்தால் ஈரம் விரைவில் ஆவியாகிவிடும். பின்னதில் ஈரத்தையும் வெப்பத்தையும் நிலையாக வைத்திருப்பது எளிது. எதைத் தேர்ந்தாலும் ஒரு குஞ்சுக்கு ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தரைப்பரப்பு தொடக்கத்திற்குப் போதுமானது.

தரையில் பரப்பும் படுகைக்குத் தூய தோட்டமண்ணும் தென்னைநார்த் தூளும் கலந்த கலவை ஏற்றது. குஞ்சு புதைந்துகொள்ளும் அளவுக்கு, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் அதனைப் பரப்பி, கீழடுக்கு ஈரமாகவும் மேற்பரப்பு ஏறக்குறைய உலர்ந்தும் இருக்குமாறு தண்ணீர் ஊற்றி வர வேண்டும். வெறும் மணல் குடலில் அடைப்பை உண்டாக்கக்கூடும். தேவதாரு மரச்சீவல் வெளியிடும் நறுமண வேதிப்பொருள்கள் நுரையீரலுக்குத் தீங்கானவை. வளைந்த மரப்பட்டை, சாய்த்து வைத்த ஓடு, தீங்கற்ற செடிகள் ஆகியவற்றால் பல மறைவிடங்களை அமைப்பது இன்றியமையாதது. ஒளிய இடமில்லாத குஞ்சு இடைவிடாத அச்சத்தால் இரை தின்பதையே குறைத்துக்கொள்ளும். நீர்ப்பாத்திரம் குஞ்சு எளிதில் ஏறி இறங்கக்கூடிய ஆழமற்ற தட்டாக இருக்க வேண்டும். மல்லாந்து விழுந்த குஞ்சு விளக்கின் அடியிலோ தண்ணீரிலோ சிக்கினால் விரைவில் இறந்துவிடக்கூடும் என்பதால், அந்த இடங்களில் செங்குத்தான பொருள்களைத் தவிர்ப்பது நல்லது.

வெப்பமும் ஒளியும்

ஆமை தன் உடல் வெப்பத்தைச் சூழலிலிருந்து பெறுவது. ஆதலால் அதன் இருப்பிடம் முழுவதும் ஒரே வெப்பநிலையில் இல்லாமல், குஞ்சு தன் தேவைக்கேற்ப இடம் மாறிக்கொள்ளும் வகையில் இருக்க வேண்டும். ஒரு முனையில் வெயில் விளக்கின் நேர் கீழே 32 முதல் 35 டிகிரி செல்சியசும், மறுமுனையில் 22 முதல் 24 டிகிரியும் பகற்பொழுதில் நிலவுவது ஏற்றது. இரவில் விளக்கை அணைத்து வெப்பநிலையை 18 டிகிரி அளவுக்கு இறங்கவிடலாம். விளக்கு நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரிய வேண்டும்.

வெப்பத்தோடு புற ஊதாக் கதிரும் தேவை. அக்கதிர்களுள் ‘பி’ வகை எனப்படும், 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள பகுதி தோலில் படும்போது வைட்டமின் டி3-இன் முன்வடிவம் உண்டாகிறது. அது உடல்வெப்பத்தால் டி3-ஆக மாறி, உணவிலுள்ள சுண்ணாம்புச்சத்தைக் குடல் உறிஞ்சுவதற்குத் துணைபுரிகிறது. இந்தத் தொடரில் கதிரோ, வெப்பமோ, சுண்ணாம்போ குறைந்தால் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துச் செலவிடத் தொடங்கும். சன்னல் கண்ணாடி இக்கதிர்களைத் தடுத்துவிடுவதால், சன்னலோரத்தில் விழும் வெயில் இதற்குப் பயன்படாது. கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் உட்புறம் சூடேறிக் குஞ்சு மடியவும் கூடும். புற ஊதா விளக்கின் கதிர்வீச்சு, கண்ணுக்குத் தெரியும் ஒளி குறையாமலிருக்கும்போதே காலப்போக்கில் தேய்வதால், தயாரிப்பாளர் குறிப்பிடும் காலத்தில் அதனை மாற்ற வேண்டும். கம்பிவலை மூடிய பாதுகாப்பான வெளிக்கூண்டில், நிழலும் மறைவிடமும் அமைத்து, நேரடி வெயிலில் குஞ்சை உலவவிடுவது எந்த விளக்கையும் விடச் சிறந்தது.

நீரும் ஈரப்பதமும்

குஞ்சின் சிறிய உடல் விரைவில் நீரை இழப்பதால், முதல் மாதங்களில் நாள்தோறும் அதனை வெதுவெதுப்பான நீரில் 15 முதல் 20 நிமிடம் நிற்க வைக்கும் வழக்கம் பின்பற்றப்படுகிறது. தலையை உயர்த்தாமலே மூச்சுவிடக்கூடிய வகையில், அடியோடும் முதுகோடும் சேரும் விளிம்பு வரையே நீர்மட்டம் இருக்க வேண்டும். குஞ்சு அப்போது தண்ணீர் குடிப்பதோடு, பெரும்பாலும் கழிவையும் வெளியேற்றும். வெண்மையான யூரேட் கழிவு குழம்பாக வந்தால் நீர்ச்சத்து போதுமானது. மணல்போல் கரகரப்பாகவோ கட்டியாகவோ வந்தால் நீர்க்குறைவு தொடங்கிவிட்டது எனக் கொள்ளலாம். நீடித்த நீர்க்குறைவு சிறுநீர்ப்பையில் கல் உண்டாகவும் வழிவகுக்கும்.

முதுகோட்டின் தகடுகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கூம்பாக உயர்ந்து நிற்கும் கோளாறைக் ‘கூம்போடு’ எனலாம். மிகையான புரதமே இதற்குக் காரணம் என்று முன்னர் பரவலாக நம்பப்பட்டது. வியன்னாவைச் சேர்ந்த வீஸ்னர், ஐபன் ஆகிய ஆய்வாளர்கள், ஆப்பிரிக்க முட்கால் ஆமையின் 50 குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் ஐந்து மாதங்கள் வளர்த்து, அதன் முடிவுகளை 2003இல் வெளியிட்டனர். வறண்ட சூழலில் வளர்ந்த குஞ்சுகளின் ஓட்டிலேயே கூம்புகள் மிகுதியாக உயர்ந்திருந்தன என்பதும், புரதத்தின் பங்கு சிறிதே என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது. அது வேறோர் இனத்தைப் பற்றியதாயினும், ஹெர்மன் ஆமைக் குஞ்சுகளை ஈரமான படுகையிலும் ஈரமான மறைவிடத்திலும் வளர்க்கும் முறை வலுப்பெறுவதற்கு அது பெரிதும் உதவியது. அதேவேளையில் குளிரும் ஈரமும் சேர்ந்தால் நுரையீரல் அழற்சி வரக்கூடும் என்பதால், வெப்பத்தையும் காற்றோட்டத்தையும் விட்டுவிட்டு ஈரத்தை மட்டும் கூட்டுவது தவறாகும்.

உணவு

இயற்கையில் இந்த ஆமை நார் மிகுந்த, புரதமும் சர்க்கரையும் குறைந்த களைச்செடிகளைத் தின்கிறது. டான்டெலியன், சிக்கரி, மால்வா, குளோவர் முதலிய செடிகளின் இலைகளும் பூக்களும் ஐரோப்பாவில் குஞ்சுகளுக்கு முதன்மை உணவாகின்றன. செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடலும் இவற்றோடு சேரத் தக்கவை. உணவில் பாஸ்பரசைப் போல் குறைந்தது இரு மடங்கு சுண்ணாம்புச்சத்து இருக்க வேண்டும் என்பதால், கால்சியம் கார்பனேட் தூளை இலைகளின்மீது இலேசாகத் தூவுவதும் கணவாய் ஓட்டைக் கொறிக்க வைப்பதும் வழக்கம். பசலைக்கீரையிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்து அதனை உடலுக்குப் பயன்படாமல் செய்துவிடுவதால், அதனை அடிக்கடி தரலாகாது. பழங்களின் சர்க்கரை குடலிலுள்ள நுண்ணுயிர்களின் சமநிலையைக் குலைத்து வயிற்றுப்போக்கை உண்டாக்குகிறது. இறைச்சி, ரொட்டி, பால், நாய் பூனைகளுக்கான உணவு ஆகியவை முற்றிலும் விலக்கத் தக்கவை. பூச்சிக்கொல்லி தெளித்த இடங்களிலும் சாலையோரங்களிலும் செடிகளைப் பறிக்கக்கூடாது.

குஞ்சு வேகமாகப் பெருப்பது நலத்தின் அறிகுறியன்று. அளவான உணவால் மெல்ல, சீராக ஏறும் எடையே நல்ல வளர்ச்சியைக் காட்டுகிறது. வாரந்தோறும் சமையலறைத் தராசில் எடைபார்த்துக் குறித்துவைப்பது நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய உதவும்.

குளிர்கால உறக்கம்

இயற்கையில் குஞ்சுகளும் தம் முதல் குளிர்காலத்தையே மண்ணுக்குள் உறங்கிக் கழிக்கின்றன. ஆகவே உடல்நலமுள்ள வளர்ப்புக் குஞ்சை ஒரு சில வாரங்கள் உறங்கவைக்கலாம். அதற்கு 5 டிகிரி செல்சியஸ் அளவில் நிலையாக வைத்த குளிர்பதனப் பெட்டி பயன்படுகிறது. உறைநிலைக்குக் கீழே இறங்கினால் கண்ணும் உயிரும் போகும் இடருண்டு. 10 டிகிரிக்கு மேல் ஏறினால் உறக்கம் கலைந்து உடலின் சேமிப்பு வீணாகும். உறக்கத்திற்கு முன் சில வாரங்கள் உணவை நிறுத்திக் குடலைக் காலியாக்குவதும், அக்காலத்தில் நீரில் நிற்கவைப்பதைத் தொடர்வதும் கட்டாயம். நோயுற்ற, எடை குறைந்த குஞ்சையும், அனுபவமில்லாதவர் கையிலுள்ள குஞ்சையும் அவ்வாண்டு விளக்கொளியில் விழித்திருக்கவிடுவதே பாதுகாப்பானது.

நோய்களும் தூய்மையும்

நலமுள்ள குஞ்சின் கண்கள் தெளிவாகவும் மூக்குத்துளைகள் உலர்ந்தும் இருக்கும்; நடக்கும்போது உடல் தரையைவிட்டு உயர்ந்திருக்கும். புதிய குஞ்சின் ஓடு இயல்பாகவே சற்று நெகிழ்வுடையது. மாதங்கள் கடந்தும் அது இறுகாமல் மேலும் மென்மையாவது எலும்புச் சுண்ணாம்புக் குறைவின் அடையாளம். மூக்கொழுகுதல், வாயைத் திறந்து மூச்சுவிடுதல், கண் வீக்கம் ஆகியவை மைக்கோபிளாஸ்மா முதலிய நுண்ணுயிர்த் தொற்றைக் காட்டக்கூடும். ஓரினத்துக்குப் பெருந்தீங்கு செய்யாத நுண்ணுயிர் மற்றோர் இனத்தைக் கொல்லக்கூடும் என்பதால், வெவ்வேறு இன ஆமைகளை ஒன்றாக வளர்க்கக்கூடாது. பிற விலங்குகளுக்குப் புழுநீக்க மருந்தாகத் தரப்படும் ஐவர்மெக்டின் ஆமைகளுக்கு நச்சாகும். ஊர்வனவற்றை அறிந்த கால்நடை மருத்துவரின் அறிவுரையின்றி எம்மருந்தும் கொடுக்கலாகாது.

நலமுள்ள ஆமையின் கழிவிலும் சால்மொனெல்லா பாக்டீரியா இருக்கலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குழந்தைகளிடையே இத்தொற்று பரவியதால், நான்கு அங்குலத்திற்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளைச் செல்லப்பிராணிகளாக விற்பது 1975இல் தடைசெய்யப்பட்டது. தொட்ட பின் சோப்பால் கை கழுவுவதும், சமையலறைத் தொட்டியில் ஆமையைக் கழுவாதிருப்பதும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொடவிடாதிருப்பதும் இதற்கான காப்பு முறைகள்.

சட்டநிலை

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஹெர்மன் ஆமை உள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வளர்ப்பில் பிறந்த குஞ்சையும் உரிய சான்றிதழின்றி விற்க முடியாது. இயற்கையிலிருந்து குஞ்சுகளைப் பிடிப்பது, பல ஆண்டுகள் கழித்தே இனப்பெருக்கத்திற்கு வரும் ஓர் உயிரினத்தின் அடுத்த தலைமுறையையே அழிப்பதாகும்.

இந்தியாவில் தமிழ்நாடு உள்ளிட்ட பகுதிகளிலும் இலங்கையிலும் இயற்கையாக வாழும் நட்சத்திர ஆமை, செல்லப்பிராணிக் கடத்தலால் பெரிதும் பாதிக்கப்பட்டு, 2019இல் சைட்டிஸ் முதல் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் இந்தியாவில் குற்றமாகும். மேலே கூறிய வளர்ப்பு முறைகள் அதற்கு உரியவையல்ல. காட்டிலோ வயலோரத்திலோ தென்படும் குஞ்சை அங்கேயே விட்டுவிட வேண்டும், காயம்பட்டோ கடத்தலில் சிக்கியோ கிடைத்தால் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.