பௌபஜாரில் அளந்த மேற்பரப்பு

உலோக ஆக்சைடுகளின் மேல் ஒரே மூலக்கூற்றுக் கனத்தில் தாமாகவே அணிவகுக்கும் படலங்களின் வரலாறு பெரும்பாலும் அமெரிக்க ஆய்வகங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. லாங்மியூர், பிளாட்ஜெட், 1946இல் சிஸ்மன் குழுவினர், 1985இல் அலுமினிய ஆக்சைடின் மீது கொழுப்பு அமிலங்களை ஆராய்ந்த அல்லாரா, நூஸோ. இவ்வரிசை பிழையன்று, முழுமையும் அன்று.

இப்படலங்களின் பயன்பாட்டைத் தீர்மானிப்பது அவை தாங்கும் வெப்பம். ஒவ்வொரு மூலக்கூறும் தலையால் ஆக்சைடைப் பற்றி, வாலை மேல்நோக்கி நீட்டி நிற்கிறது. சூடேறுகையில் வால்கள் வளைந்து ஒழுங்கிழக்கின்றன. மேலும் சூடேறினால் தலையின் பிணைப்பு அறுகிறது. காற்றிருப்பின் ஆக்சிஜன் வாலையே சிதைக்கிறது. பல ஆக்சிஜன் அணுக்கள் வழியாகப் பற்றும் பாஸ்போனிக் அமிலத் தலை, கார்பாக்சிலிக் அமிலத் தலையைவிடப் பொதுவாக உறுதியானது.

வெப்பம் ஒரு மேற்பரப்பை என்ன செய்கிறது என்னும் அடிப்படைக் கேள்வியைக் கல்கத்தா முன்னரே எழுப்பியிருந்தது. பௌபஜார் தெருவில் இயங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சி.வி. ராமனும் பாலக்காட்டில் பிறந்த எல்.ஏ. ராமதாஸும் திரவப் பரப்புகள் சிதறடிக்கும் ஒளியை ஆராய்ந்து, 1925இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளியிட்டனர். அசைவற்றதாகத் தோன்றும் திரவப் பரப்பும் மூலக்கூறுகளின் வெப்ப இயக்கத்தால் ஓயாது நெளிகிறது. பரப்பு இழுவிசை அந்நெளிவை அடக்குகிறது. ஸ்மொலுகோவ்ஸ்கியும் மண்டெல்ஷ்தாமும் கோட்பாடாக முன்வைத்ததை இவர்கள் ஒளியைக் கொண்டு சோதித்தனர்.

1997இல் அதே நகரின் சாஹா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜே.கே. பாசுவும் எம்.கே. சன்யாலும், திண்மப் பரப்பில் படியவைத்த லாங்மியூர்–பிளாட்ஜெட் படலங்களில் திரவத்துக்குரிய அத்தகைய அலைகளின் தடயங்களைக் கண்டதாக அறிவித்தனர்.

இவ்விரண்டுக்கும் நேரடிக் குருகுலத் தொடர்ச்சியை நான் கற்பிக்கவில்லை. ஒரே கேள்வி, திரவத்திலிருந்து படலத்துக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. எனினும் 1928ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பின் பேரொளியில் 1925 நம் பாடநூல்களில் மங்கிப்போனது. ராமதாஸ் இன்று வானிலையியலாளராகவே நினைக்கப்படுகிறார்.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் ஒரு குறிப்பு. ‘தன்னொழுங்கமைவு’ என்னும் நம் கலைச்சொல், முடிந்துபோன ஓர் ஒழுங்கைச் சுட்டுவதுபோல் ஒலிக்கிறது. உண்மையில் அவ்வொழுங்கு வெப்பத்தோடு கணந்தோறும் நடத்தும் பேரம். பௌபஜாரில் அளக்கப்பட்டதும் அப்பேரத்தையே. மேற்பரப்பு அறிவியல் பயிலும் மாணவர்கள் அந்தக் கட்டுரைகளிலிருந்தும் தொடங்கலாம்.