குளிரும் சத்திரசிகிச்சையும்: முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோய்ச் சிகிச்சையின் ஒரு வரலாறு

நோயை அழித்தல் வேண்டும். நோயுற்ற உறுப்பைக் காத்தலும் வேண்டும். இவ்விரு நோக்கங்களும் ஒன்றோடொன்று முரணுமிடத்து வைத்தியன் எதனைக் கைக்கொள்வான், எதனைக் கைவிடுவான் என்பது மருத்துவ வரலாற்றின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். ஆண்மக்களின் முன்னிற்குஞ் சுரப்பியிலே தோன்றும் புற்றுநோயைக் குளிரினால் உறையவைத்து அழிக்கும் முறை வளர்ந்த வரலாறு இவ்வினாவுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

குளிரை மருந்தாகக் கொண்டமை புதுவதன்று. இப்பொக்கிறற்றீசின் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்கள் குருதிப்பெருக்கையும் வீக்கத்தையும் தணித்தற்குக் குளிரைப் பயன்படுத்துமாறு கூறுகின்றன. நெப்போலியனது படைச் சத்திரவைத்தியராகிய லாறே, கடுங்குளிரில் விறைத்த அங்கங்களை வெட்டியபோது வீரர்கள் நோவைக் குறைவாகவே உணர்ந்தனர் என்று குறித்தார். எனினும் இவையெல்லாம் நோவைத் தணிக்குங் குளிரே. நோயை அழிக்குங் குளிரை முதன்முதல் முறைப்படி ஆண்டவர் ஆங்கில வைத்தியராகிய யேம்ஸ் ஆர்னொட் ஆவர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் நொறுக்கிய பனிக்கட்டியையும் உப்பையுங் கலந்து, பூச்சியத்தின் கீழ் ஏறத்தாழ 20 பாகை வரையான குளிரை மார்பகப் புற்று முதலியவற்றின்மீது செலுத்தினார். நோவு தணிந்தது, கட்டிகளும் ஓரளவு சுருங்கின. 1851ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் அவரது கருவியும் வைக்கப்பட்டது.

உப்பும் பனிக்கட்டியும் தரும் குளிர் உடலின் ஆழத்தை எட்டமாட்டாது. அதனை எட்டும் வழியைத் திறந்தவர் வைத்தியரல்லர், பௌதிகவியலாரே. 1877இல் ஓட்சிசன் திரவமாக்கப்பட்டது. 1892இல் டூவார் வெற்றிடக் குடுவையை அமைத்தார். 1895இல் லிண்டே வளியைப் பேரளவில் திரவமாக்கும் முறையைக் கண்டார். 1899இல் நியூயோர்க் வைத்தியராகிய கம்பெல் வைற் திரவ வளியைத் தோல்நோய்களுக்குப் பயன்படுத்தினார். ஆயினும் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் இம்முறை பெரும்பாலும் தோலளவிலேயே நின்றது. 1961இல் ஏர்விங் கூப்பர் என்னும் நரம்புச் சத்திரவைத்தியரும் ஆணல்ட் லீ என்பவரும், பூச்சியத்தின் கீழ் 196 பாகையிற் கொதிக்கும் திரவ நைதரசன் உள்ளோடும் நுண்கோலொன்றை அமைத்தனர். உடலின் எவ்வுறுப்பையும் உள்ளிருந்தே உறையவைத்தல் அதனாற் கைகூடியது.

இக்கோல் முன்னிற்குஞ் சுரப்பியை அடைந்ததற்குக் காரணமுண்டு. சலப்பையின் கீழே, சிறுநீர்வழியைச் சூழ்ந்து, நேர்குடலுக்கு முன்னே கிடப்பது அச்சுரப்பி. ஆண்மைக்குரிய நரம்புகள் அதன் இருமருங்கும் ஒட்டிச் செல்கின்றன. 1904இல் ஹியூ ஹம்ப்ரன் யங் என்பார் புற்றுற்ற சுரப்பியை முழுதாக அகற்றிக் காட்டினார். நோய் நீங்கினும் சிறுநீரை அடக்கும் வலியும் ஆண்மையும் பலருக்கு அதனோடு நீங்கின. நரம்புகளைக் காக்கும் வெட்டுமுறையைப் பற்றிக் வோல்ஷ் வகுத்தது 1982இலேதான்.

கொண்டர், சோன்ஸ் முதலியோர் 1964இல் குளிர்க்கோலை நாய்களின் சுரப்பியிற் சோதித்தனர்; சில ஆண்டுகளுள் அது நோயாளருக்கும் பயன்பட்டது. சிறுநீர்வழியூடாகக் கோல் செலுத்தப்பட்டது. பனி எவ்வளவு பரவியது என்பதை, நேர்குடலுள் வைத்த விரலின் உணர்ச்சியால் சத்திரவைத்தியர் மதிப்பிட்டார். காணாது செய்த இக்கருமத்தின் விளைவு கொடிது. சிறுநீர்வழியின் உட்சுவர் அழுகி உதிர்ந்தது. சிலருக்குச் சிறுநீர்வழிக்கும் நேர்குடலுக்குமிடையே துளை உண்டாயிற்று. ஆகவே இம்முறை பெரும்பாலுங் கைவிடப்பட்டது. குளிர் போதாமையன்று, கண் போதாமையே அதனைத் தோற்பித்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

அக்கண்ணை அளித்தது கழியொலி. பனியின் விளிம்பு ஒலியலையைத் தெறித்துத் திரையில் ஒளிக்கோடாகத் தோன்றும். இதனைப் பயன்படுத்திக் கரி ஒனிக் முதலியோர், தோலூடாகக் கோல்களைச் செலுத்தும் முறையொன்றை வகுத்து 1993இல் வெளியிட்டனர். சிறுநீர்வழியை இளஞ்சூட்டு நீரோட்டத்தாற் காக்கும் குழாயும் சேர்ந்தது. பின்னர் ஆகன் வாயு விரிந்து குளிர்தலையும் ஈலியம் விரிந்து சூடாதலையும் துணைக்கொண்டு, ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புள்ள ஊசிகள் தோன்றின. உறைதலும் உருகலும் இருமுறை நிகழ்த்தப்படும். பனிப்பளிங்குகள் கலங்களின் நீரை வற்றச்செய்து மென்சவ்வைக் கிழிக்கும். நுண்குருதிக் கலன்களும் அடைபடும். பனிக்கோளத்தின் விளிம்பு பூச்சியப் பாகையளவினதே; கலங்கள் உறுதியாக மடிதற்குப் பூச்சியத்தின் கீழ் ஏறத்தாழ 40 பாகை வேண்டும். ஆதலால் கண்ணுக்குத் தெரியும் பனியெல்லாங் கொல்லும் பனியன்று.

இனி, முழுச் சுரப்பியையும் உறையவைத்தல் ஏன் என்ற வினா எழுந்தது. மார்பகப் புற்றுக்கு மார்பகம் முழுவதையும் தசையோடு அகற்றிய ஹால்ஸ்ரெட்டின் முறை நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. கட்டியை மாத்திரம் அகற்றிக் கதிர்வீச்சளித்தாலும் வாழ்நாள் குறையாது என்பதை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்த இருபதாண்டு ஆராய்ச்சிகள் 2002இல் உறுதிப்படுத்தின. அதே ஆண்டிலே ஒனிக்கும் அவர் குழுவினரும், சுரப்பியின் நோயுற்ற பகுதியை மாத்திரம் உறையவைத்து மறுபக்க நரம்புகளைக் காத்த ஒன்பது நோயாளரின் வரலாற்றை வெளியிட்டனர்.

எனினும் மார்பகமும் முன்னிற்குஞ் சுரப்பியும் ஒன்றல்ல. இச்சுரப்பியிற் புற்று பெரும்பாலும் பலவிடங்களில் முளைக்கும். அவற்றுட் பெரியதே உயிருக்கு ஊறு செய்வது என்னுங் கொள்கையின்மீதே பகுதிச் சிகிச்சை நிற்கின்றது. காந்த ஒத்திசைவுப் படங்கள் அதற்குத் துணைசெய்யினும், எஞ்சிய பகுதியில் நோய் மீள முளைக்கலாம். ஆகவே குருதிச் சோதனையும் திசுச் சோதனையும் தொடர்தல் இன்றியமையாதன. பிரித்தானியாவில் 1643 ஆண்களிடத்து நிகழ்ந்த ஆராய்ச்சியொன்றும் நினைக்கத்தக்கது. கண்காணிப்பு, வெட்டு, கதிர்வீச்சு என மூவகையாகப் பகுக்கப்பட்ட அவர்களுள், ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளில் இந்நோயால் மாண்டோர் 45 பேரே; மூவகையாரிடையேயும் இதிற் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என 2023இல் வெளியிடப்பட்டது. ஆதலின், மெல்ல வளரும் நோய்க்கு உறைதலாகிய மெல்லிய சிகிச்சையுந் தேவைதானா என்று ஆராய்தல் வைத்தியரின் கடன். வாழ்நாளை நீட்டுவதில் வெட்டுக்கும் கதிர்வீச்சுக்கும் இது நிகரெனக் காட்டும் நெடுங்கால ஒப்பாய்வு இன்னுங் கிட்டவில்லை.

உப்பும் பனிக்கட்டியுங் கலந்த ஆர்னொட் முதல் ஆகன் ஊசிவரை, குளிரின் வலிமை மிகமிக அதனை அடக்கும் அறிவும் வேண்டப்பட்டது. 1960களில் அவ்வறிவு பின்தங்கியதாலேயே நோயாளர் துன்புற்றனர். எவ்வளவு அழிக்க இயலும் என்பதைக் கருவி காட்டும். எவ்வளவு விடத்தகும் என்பதைப் பொறுமையான ஆராய்ச்சியே காட்டும். இவ்வுண்மையை மருத்துவம் பயிலப் புகும் நம் மாணவர் உளங்கொள்வாராக.