வேலூர் 1806: நம்பப்பட்ட செய்தியும் நம்பப்படாத செய்தியும்

1775 ஏப்ரல் 18 இரவு, ஆங்கிலேயப் படை புறப்படுவதை எச்சரிக்கக் குதிரையேறி லெக்சிங்டன் சென்றார் பால் ரெவியர். லாங்ஃபெல்லோவின் கவிதை அவர் பெயரை நிலைநிறுத்தியது. முப்பத்தொரு ஆண்டுகளுக்குப்பின் வேலூரிலும் ஓர் எச்சரிக்கை விரைந்தது. ஆனால் இம்முறை அது ஆட்சியாளர்களைக் காப்பாற்றச் சென்றது.

1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்புவின் மைந்தர்கள் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டிருந்தனர். புதிய தலைப்பாகையும், சமயக்குறிகளுக்கும் தாடிக்கும் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளும் சிப்பாய்களைக் கொதிப்படையச் செய்தன. 1806 ஜூலை 10 விடியுமுன் அவர்கள் எழுந்தனர். கோட்டைத் தளபதி பேன்கோர்ட் கொல்லப்பட்டார். மைசூர்க் கொடி ஏறியது.

அன்றிரவு கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த மேஜர் கோட்ஸ், சுமார் 16 மைல் தொலைவிலுள்ள ஆர்க்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். கிளர்ச்சியாளர்கள் அந்தச் சாலையை அடைக்கவில்லை. காலை ஆறு மணியளவில் செய்தி கர்னல் கில்லெஸ்பியை எட்டியது. அவர் குதிரைப்படையுடன் பாய்ந்து வந்தார், பீரங்கிகள் பின்தொடர்ந்தன. நண்பகலுக்குள் கோட்டை மீட்கப்பட்டது; நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். ஹென்றி நியூபோல்ட் பின்னாளில் எழுதிய 'கில்லெஸ்பி' கவிதையிலும் செய்தி கொணர்ந்த குதிரைவீரருக்குப் பெயரில்லை.

ஆனால் முதல் எச்சரிக்கை அதுவன்று. மூன்று வாரங்களுக்கு முன்பே, ஜூன் 17 அன்று, முஸ்தபா பெக் என்னும் சிப்பாய் சதியைத் தம் மேலதிகாரி கர்னல் ஃபோர்ப்ஸிடம் தெரிவித்திருந்தார். விசாரணை இந்திய அதிகாரிகளிடமே ஒப்படைக்கப்பட்டது. குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்றனர் அவர்கள். முஸ்தபா பெக் காவலில் வைக்கப்பட்டார். கிளர்ச்சி ஒடுங்கியபின் அவருக்கு 2,000 வராகனும் சுபேதார் நிலைக்குரிய ஓய்வூதியமும் வழங்கப்பட்டன.

ஆகவே கம்பெனிக்கு இல்லாதிருந்தது செய்தியன்று, சொன்னவர்மீதான நம்பிக்கை. ஆங்கிலேய மேஜரின் சொல் குதிரைப்படையையே கிளப்பியது. இந்தியச் சிப்பாயின் சொல் அவரையே சிறையில் தள்ளியது. வேகத்தால் மட்டும் இவ்வேறுபாட்டை விளக்க இயலாது.

மொழியியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. திருக்குறள் தூதுக்கும் ஒற்றாடலுக்கும் தனித்தனி அதிகாரங்களை வகுத்தது. முஸ்தபா பெக்கை எதில் சேர்ப்பது? சக சிப்பாய்களுக்கு அவர் காட்டிக்கொடுத்தவர். கம்பெனிக்கு முதலில் பொய்யர், பின்னர் விசுவாசி. அவர் சொன்ன செய்தியோ முதலிலிருந்து இறுதிவரை ஒன்றுதான். காலனிய ஆவணங்களில் 'விசுவாசி', 'துரோகி' என்ற சொற்களைக் காணும்போது, அவை எந்த நாளில், யாரால் எழுதப்பட்டன என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.